கேட்காமலே செய்யும் உதவி: ஊழியர் மனப்பான்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்து மேசைக்காரர் தடுமாறும்போது எழுந்து போய்ப் பார்ப்பவர் ஒருவர். பார்த்தும் பார்க்காததுபோல் தன் திரைக்குத் திரும்பிவிடுபவர் இன்னொருவர். இருவருக்கும் ஒரே பதவி, ஒரே சம்பளம், ஒரே விதிமுறை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று மேலாளர்களும் மனிதவளத் துறையினரும் ஊழியர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆய்வுகள் சொல்வதோடு, அவற்றைப் படித்து எனக்குப் பட்டதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

தன்னார்வ உதவி என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

புதிதாகச் சேர்ந்தவருக்கு மென்பொருளைக் காட்டிக்கொடுப்பது, விடுப்பில் போனவரின் வேலை தேங்காமல் பார்த்துக்கொள்வது, "நாளைக்கு இதை மாற்றப்போகிறோம், உங்கள் பக்கம் பாதிக்கலாம்" என்று அடுத்த பிரிவுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது, வரச்சொல்லி யாரும் வற்புறுத்தாத கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்வது. செய்தால் இதற்கென்று சம்பளம் கூடாது, செய்யாவிட்டால் யாரும் மெமோ கொடுக்கவும் முடியாது.

ஆய்வாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் நிறுவனக் குடிமை நடத்தை. அமெரிக்கப் பேராசிரியர் டென்னிஸ் ஆர்கன் 1988-ல் இதை ஐந்தாகப் பிரித்தார்: சக ஊழியருக்கு உதவுவது, குறைந்தபட்சக் கடமையைத் தாண்டிப் பொறுப்போடு இருப்பது, சின்ன அசௌகரியங்களைப் பெரிதுபடுத்தாமல் பொறுத்துக்கொள்வது, தன்னால் பிறருக்குச் சிக்கல் வராமல் முன்பே தகவல் தருவது, நிறுவனத்தின் பொது விஷயங்களில் அக்கறை காட்டுவது. 1991-ல் லாரி வில்லியம்ஸும் ஸ்டெல்லா ஆண்டர்சனும் சக மனிதருக்குப் போகும் உதவி, நிறுவனத்துக்குப் போகும் உதவி என்று இரண்டே வகையாகச் சுருக்கினார்கள். நடைமுறையில் பயன்படுவது இந்த இரண்டாவது பிரிப்புதான் என்பேன். நிர்வாகத்தின் மேல் கசந்துபோயிருக்கிற ஒருவர், தன் நண்பருக்கு அப்போதும் ஓடிப்போய் உதவலாம். மெல்ல நின்றுபோவது நிறுவனத்துக்குச் செய்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் மேலாளர் "இவர்கள் ஒற்றுமையாகத்தானே இருக்கிறார்கள்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

ஒப்பந்தத்தில் இல்லாததை ஒரு நிறுவனம் ஏன் எதிர்பார்க்க வேண்டும்? வேலைகளைச் சரியாகப் பிரித்து எழுதிவிட்டால் போதாதா?

போதாது. இதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை, "விதிப்படி வேலை" என்ற போராட்ட முறையைப் பார்த்தாலே தெரியும். தொழிலாளர்கள் வேலையை நிறுத்துவதில்லை. கையேட்டில் எழுதியிருப்பதை மட்டும், எழுதியபடியே செய்வார்கள், அவ்வளவுதான். ஒரு விதியும் மீறப்படாது, ஆனால் வேலை நத்தை வேகத்துக்கு இறங்கிவிடும். அதாவது மற்ற நாட்களில் அந்த இடம் ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணமே கையேட்டில் இல்லாத ஏதோ ஒன்று.

1938-லேயே செஸ்டர் பர்னார்ட் இதை எழுதியிருக்கிறார். தொலைபேசி நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்த அவர், எந்த அமைப்புக்கும் அடிப்படை மனிதர்களின் ஒத்துழைக்கும் விருப்பம் என்றார். 1964-ல் உளவியலாளர் டேனியல் காட்ஸ் இன்னும் அழுத்தமாகச் சொன்னார்: வரையறுத்த கடமைகளை மட்டும் நம்பியிருக்கும் அமைப்பு எளிதில் நொறுங்கிவிடும். எல்லா நிலைமையையும் யாராலும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது என்பதுதான் இதன் காரணம்.

திருப்தியான ஊழியர் அதிகம் உழைப்பார் என்பது உண்மையா?

ஓரளவுக்கு. வேலைத் திருப்திக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பைப் பல ஆய்வுகளிலிருந்து திரட்டி, 1985-ல் இயாஃபல்டானோ, முச்சின்ஸ்கி இருவரும் வெளியிட்ட எண் 0.17. முழுத் தொடர்பு இருந்தால் அது 1 ஆக இருக்க வேண்டும். 2001-ல் டிமதி ஜட்ஜும் அவரது சகாக்களும் கூடுதல் ஆய்வுகளோடு திரும்பக் கணக்கிட்டபோது 0.30 வந்தது. மேலாளர்கள் மனதில் வைத்திருக்கும் நம்பிக்கையோடு ஒப்பிட்டால் இரண்டுமே சிறியவை.

இதில்தான் ஆர்கன் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டார். "மனம் நிறைந்திருந்தால் ஆள் நன்றாக வேலை பார்ப்பான்" என்று அனுபவமுள்ள மேலாளர்கள் விடாமல் சொல்கிறார்களே, அவர்கள் வேறு எதையோ பார்த்துவிட்டு அதை "நன்றாக வேலை பார்ப்பது" என்று சொல்கிறார்களோ? ஒரு மணி நேரத்தில் எத்தனை துண்டு செய்தார் என்ற கணக்கு அவர்கள் மனதில் இல்லாமல் இருக்கலாம். சிக்கலான நேரத்தில் கை கொடுத்தாரா, முகம் சுளிக்காமல் மாற்றத்துக்கு ஒத்துழைத்தாரா என்பதை அவர்கள் மனதில் வைத்திருக்கலாம். 1983-ல் இந்த எண்ணத்தின் மேல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று தாமஸ் பேட்மனும் ஆர்கனும் செய்தது, மற்றொன்று ஆன் ஸ்மித், ஆர்கன், ஜேனட் நியர் மூவரும் செய்தது. வேலைத் திருப்தி இந்த வகை நடத்தையோடு நன்றாகவே ஒட்டி வந்தது. இந்தத் துறை தொடங்கியது அங்கேதான்.

மனப்பான்மை ஏன் உற்பத்தி அளவில் தெரியாமல், உதவியில் தெரிகிறது?

உற்பத்தி அளவை வேறு பல விஷயங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. இயந்திரத்தின் வேகம், இலக்கு, மேற்பார்வை, திறமை, வேலை போய்விடுமோ என்ற பயம். மனம் கசந்தவரும் இலக்கை முடித்துவிட்டுத்தான் போவார், முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். யாரும் பிடித்து வைக்காத இடத்தில்தான் மனம் நேரடியாகச் செயலாக வெளிப்பட முடிகிறது.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த ஆதாரம் 1977-ல் ஃபிராங்க் ஸ்மித் வெளியிட்ட ஆய்வு. ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் சிகாகோ தலைமை அலுவலகத்தில் ஊழியர்களின் மனப்பான்மையைக் கருத்தாய்வு மூலம் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்கள். 1975-ல் அந்த நகரைக் கடுமையான பனிப்புயல் தாக்கியது. மறுநாள் வேலைக்கு வருவது பெரும்பாடு, வராவிட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு எந்தெந்தப் பிரிவுகளில் வருகை அதிகமாக இருந்தது என்று பார்த்தால், நல்ல மனப்பான்மை பதிவான பிரிவுகளில்தான். அதே நாளில் அதே நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தையும் பார்த்தார்கள். அங்கே பனி இல்லை, எல்லா நாளையும் போல எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். அங்கே வருகைக்கும் மனப்பான்மைக்கும் தொடர்பே தெரியவில்லை.

வழக்கமான நாளில் இரண்டு அலுவலகங்களும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து எங்கே மனம் இருக்கிறது, எங்கே இல்லை என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. "எங்கள் எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, ஊழியர் மனப்பான்மையில் பிரச்சினை இல்லை" என்று சொல்லும் நிர்வாகத்திடம் இந்த ஆய்வைக் காட்ட வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அப்படியானால் ஊழியர்களைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டால் உதவி தானாக வருமா? விருந்து, விளையாட்டு, சுற்றுலா...

அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திருப்திக் கருத்தாய்வு உண்மையில் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். "உங்கள் சம்பளத்தில் திருப்தியா? பதவி உயர்வு முறையில்? மேலதிகாரியிடம்?" என்று கேட்டால் ஊழியர் தன் மனநிலையைச் சொல்வதில்லை, ஒரு கணக்குப் போட்டுத் தீர்ப்புச் சொல்கிறார். நான் கொடுப்பது எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு, மற்றவர்களுக்கு எவ்வளவு என்ற கணக்கு அது. 1989-ல் ஆர்கனும் மேரி கொனோவ்ஸ்கியும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவரின் பொதுவான மகிழ்ச்சியான மனநிலையைவிட, வேலையைப் பற்றி அவர் போட்ட மதிப்பீடுதான் உதவும் நடத்தையைக் கூடுதலாக விளக்கியது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். உதவியின் வேர் பெரும்பாலும் நியாய உணர்வில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விருந்தில் சிரித்துப் பேசிவிட்டு, திங்கட்கிழமை வெளியாகும் பதவி உயர்வுப் பட்டியலைப் பார்த்து மனம் உடையும் ஊழியருக்கு அந்த விருந்து எந்த ஆறுதலும் தராது.

எந்த நியாயம்? சம்பள நியாயமா?

ஆய்வாளர்கள் மூன்றாகப் பார்க்கிறார்கள். கிடைத்தது நியாயமா, முடிவெடுத்த முறை நியாயமா, அந்த முடிவைச் சொல்லும்போது என்னை மனிதனாக மதித்து நடத்தினார்களா. 1991-ல் ராபர்ட் மூர்மன் செய்த ஆய்வில், தன்னார்வ உதவியோடு தெளிவாக ஒட்டி வந்தது மூன்றாவதுதான். ஆச்சரியமாகத் தோன்றலாம், கொஞ்சம் யோசித்தால் ஆச்சரியம் இல்லை. சம்பளம் ஆண்டுக்கு ஒருமுறை மாறும். மேலாளர் எப்படிப் பேசுகிறார் என்பது தினமும் நடப்பது.

விளக்கம் சொல்வதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஒரு நிறுவனம் பெரிய ஒப்பந்தங்களை இழந்ததால், இரண்டு ஆலைகளில் 10 வாரங்களுக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் குறைத்தது. ஓர் ஆலையில் காரணத்தை விரிவாகச் சொல்லி, உண்மையான வருத்தம் தெரிவித்து, எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். இன்னொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். குறைப்பே இல்லாத மூன்றாவது ஆலை ஒப்பீட்டுக்கு இருந்தது. சம்பளம் குறைந்த காலத்தில் திருட்டு கூடியது. ஆனால் சரியாக விளக்கம் சொன்ன ஆலையைவிட, சொல்லாத ஆலையில் அது மிகவும் அதிகம். இழந்த பணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இது திருட்டைப் பற்றிய ஆய்வு, உதவியைப் பற்றியதல்ல. ஆனாலும் இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான்: "இவர்கள் என்னை என்னவாக நினைக்கிறார்கள்?"

நியாயமாக நடத்தினால் ஏன் உதவியாகத் திரும்ப வருகிறது? நன்றி சொல்லிவிட்டுப் போகலாமே?

பீட்டர் பிளாவ் 1964-ல் கொடுத்த விளக்கம் இன்றைக்கும் நிற்கிறது. சம்பளம் ஒரு பொருளாதாரப் பரிமாற்றம், எவ்வளவு வேலை, எவ்வளவு பணம் என்று முன்பே பேசி முடித்தது. மரியாதை, நம்பிக்கை, கஷ்ட நேரத்தில் கொடுத்த ஒத்துழைப்பு ஆகியவை சமூகப் பரிமாற்றம். இவற்றை எப்போது, எந்த வடிவில் திருப்பித் தர வேண்டும் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. ஆனாலும் கடன்பட்ட உணர்வு இருக்கும். ஊழியர் அந்தக் கடனை எதில் தீர்ப்பார்? இரட்டிப்பு உற்பத்தியில் தீர்க்க நினைத்தாலும் திறமையும் இயந்திரமும் இடம் கொடுக்க வேண்டும். கூடுதலாகக் கொஞ்சம் உதவுவது மட்டும் முழுக்க அவர் கையில் இருக்கிறது.

1986-ல் ராபர்ட் ஐசன்பெர்கரும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதை இன்னொரு பக்கத்திலிருந்து அளந்தார்கள். "இந்த நிறுவனம் என் நலனில் அக்கறை கொண்டிருக்கிறது" என்று ஊழியர் எவ்வளவு தூரம் நம்புகிறார் என்பதே அவர்கள் கேள்வி. நிறுவனம் அக்கறையோடு இருப்பது ஒன்று, ஊழியர் அப்படி நம்புவது வேறொன்று. ஊழியரை உதவத் தூண்டுவது இந்த நம்பிக்கைதான்.

பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருப்பவர்களுக்குப் பற்று அதிகம், அதனால் அதிகம் உதவுவார்கள் அல்லவா?

ஏன் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஜான் மேயரும் நடாலி ஆலனும் 1991-ல் பற்றை மூன்றாகப் பிரித்தார்கள். இருக்க விரும்புவதால் இருப்பவர், இருப்பதுதான் சரி என்ற கடமை உணர்வில் இருப்பவர், விட்டுப் போனால் இழப்பு அதிகம் என்பதால் இருப்பவர். 2002-ல் வந்த தொகுப்பாய்வில் முதல் வகைதான் தன்னார்வ உதவியோடு மிக வலுவாக ஒட்டியது. கடமை உணர்வு அதற்கு அடுத்தது. வேறு வழியில்லாமல் இருப்பவர்களுக்கும் உதவிக்கும் தொடர்பு அநேகமாக இல்லை.

ஆட்கள் வெளியேறும் விகிதம் குறைந்திருக்கிறது என்று மகிழும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். வேலைச் சந்தை மோசமாக இருக்கும் காலத்தில் யாரும் போக மாட்டார்கள். அது பற்று என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

சிலர் இயல்பிலேயே உதவுபவர்கள். ஆளெடுக்கும்போதே அப்படிப்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன?

குணத்துக்கும் பங்கு உண்டு, குறிப்பாகப் பொறுப்புணர்வுக்கு. ஆனால் 1995-ல் ஆர்கனும் கேத்ரின் ரயனும் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது திருப்தி, நியாய உணர்வு, பற்று, மேலாளரின் ஆதரவு ஆகியவைதான் பெரும்பாலான குணங்களைவிட நன்றாகக் கணித்தன. நல்லவர்களாகப் பார்த்து எடுத்து, பிறகு அவர்களை மோசமாக நடத்தும் இடத்தில் அந்த நல்ல குணம் எத்தனை நாள் தாங்கும்?

"இது என் வேலை இல்லை" என்று சொல்பவரிடம் என்ன செய்வது?

முதலில், அவர் பொய் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1994-ல் எலிசபெத் மாரிசன் அலுவலக எழுத்தர்களையும் அவர்களின் மேற்பார்வையாளர்களையும் வைத்துச் செய்த ஆய்வு இந்த விஷயத்தில் ஒரு திறப்பு. எது கடமை, எது கூடுதல் என்பதில் ஆளுக்கு ஆள் எல்லை மாறுகிறது. ஊழியரும் மேற்பார்வையாளரும்கூட ஒரே கோட்டை வரைவதில்லை. திருப்தியும் பற்றும் உள்ள ஊழியர் தன் வேலையின் எல்லையை அகலமாக வரைகிறார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது அவருக்குக் கூடுதல் உதவியாகவே படுவதில்லை, "என் வேலைதானே" என்கிறார்.

அப்படியென்றால் மனப்பான்மை கெடும்போது நடப்பது "உதவ மாட்டேன்" என்ற முடிவு மட்டும் இல்லை. எல்லைக்கோடே சத்தமில்லாமல் உள்ளே நகர்கிறது. முன்பு தன் வேலை என்று நினைத்ததே இப்போது கூடுதல் சுமையாகத் தெரிகிறது. ஆகவே அந்த வாக்கியத்தைக் கேட்டதும் வேலை விவரப் பட்டியலைத் திருத்தி எழுதப் போவதில் பெரிய பயன் இல்லை. "எப்போதிலிருந்து இது உங்கள் வேலை இல்லாமல் போயிற்று?" என்று உண்மையான அக்கறையோடு கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு ஒரு தேதியும் ஒரு சம்பவமும் இருக்கும்.

உதவுவதற்கு அப்ரைசலில் மதிப்பெண் கொடுத்தால் எல்லோரும் உதவுவார்களே?

செய்வார்கள், மதிப்பெண் தேவைப்படும் வரை. சுன் ஹுயி, சைமன் லாம், கென்னத் லா ஆகியோர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பன்னாட்டு வங்கியின் காசாளர்களைப் பதவி உயர்வுக்கு முன்னும் பின்னும் கவனித்தார்கள். "உதவினால் பதவி உயர்வு கிடைக்கும்" என்று நம்பியவர்கள் முன்னால் அதிகம் உதவினார்கள். பதவி உயர்வு கிடைத்த பிறகு உதவி குறைந்துபோனது.

இதை வைத்து, உதவுபவர்கள் எல்லாம் நடிக்கிறார்கள் என்று முடிவுகட்டுவது அநியாயம். மார்க் போலினோ 1999-ல் சொன்னபடி நல்ல எண்ணமும் நல்ல பெயர் எடுக்கும் ஆசையும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. தவறு, நல்ல பெயர் மட்டுமே காரணமாக ஆகும்படி அமைப்பை உருவாக்குவதில். மேலதிகாரியின் கண்ணில் படும் உதவிக்கு மதிப்பெண் கிடைக்கும், யாரும் பார்க்காமல் ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் போனவருக்கு ஒன்றும் கிடைக்காது. கொஞ்ச நாளில் முதல் வகை உதவி பெருகும், இரண்டாவது மறையும்.

அதற்காக உதவியை அடியோடு கண்டுகொள்ளாமல் விடுவதும் சரியல்ல. உதவும் நேரம் தன் இலக்கிலிருந்து கழியும் நேரம். இலக்கை மட்டும் வைத்து மதிப்பிடும் இடத்தில் உதவுபவர்தான் பின்தங்கிப் போவார்.

"நாங்கள் ஒரு குடும்பம்" என்று சொல்லி எல்லோரையும் கூடுதலாகச் செய்ய வைக்கிறார்கள். இதுவும் தன்னார்வ உதவிதானா?

இல்லை. எரான் விகோடா-கடோட் 2006-ல் இதற்குக் கட்டாயக் குடிமை நடத்தை என்று தனிப் பெயரே வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாலையில் தங்கி வேலை முடிக்கிறார், விடுமுறையில் போனை எடுக்கிறார். ஆனால் "முடியாது" என்று சொல்ல வழியில்லாத இடத்தில் "சரி" என்பதற்குத் தன்னார்வம் என்று பெயர் வைக்க முடியாது. இப்படிப்பட்ட அழுத்தம் மன உளைச்சலோடும், சோர்வோடும், வேலையை விட்டுப்போகும் எண்ணத்தோடும் சேர்ந்தே வருகிறது என்று அவர் ஆய்வுகள் காட்டின.

தானாக விரும்பிச் செய்வதற்கும் விலை உண்டு. போலினோவும் வில்லியம் டர்ன்லியும் 2005-ல், முன்கையெடுத்துக் கூடுதல் பொறுப்பு ஏற்பவர்களிடம் வேலைப்பளுவும் அழுத்தமும் வீட்டுக்கும் வேலைக்குமான இழுபறியும் அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்டார்கள், அவர்களும் அதையே சொன்னார்கள். பத்து ஆண்டு கழித்து போலினோ குழு "உதவிச் சோர்வு" பற்றி எழுதியது. நிறைய உதவியும் நிறுவனத்தின் ஆதரவு கிடைக்காதவர்கள், உதவியே தீரவேண்டிய அழுத்தத்தில் இருப்பவர்கள் ஆகியோர் ஒரு கட்டத்தில் வறண்டுபோகிறார்கள், அதன்பின் அவர்கள் உதவுவது குறைகிறது.

எல்லோரும் ஓடிப்போகும் அந்த ஒரு ஆள் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்கிறார். அவரைக் கிணறு என்று நினைத்து இறைத்துக்கொண்டே இருக்கிறோம். ஊறுவதற்கு நேரம் விடுகிறோமா என்று யாராவது கேட்க வேண்டும்.

உதவுவதில் ஆண், பெண் வித்தியாசம் உண்டா?

உதவுவதைவிட, உதவியை மதிப்பிடுவதில் இருக்கிறது. மேடலைன் ஹெய்ல்மனும் ஜூலி சென்னும் 2005-ல் நடத்திய சோதனைகளில் ஒரே உதவியை ஆண் செய்தால் அவரது மதிப்பீடு உயர்ந்தது, பெண் செய்தால் உயரவில்லை. உதவ மறுத்தபோது பெண்ணின் மதிப்பீடு சரிந்தது, ஆணுக்கு அப்படி ஆகவில்லை. பெண் உதவுவது இயல்பு என்று எடுத்துக்கொள்ளப்படுவதால் அவருக்கு அது கூடுதலாக எண்ணப்படுவதே இல்லை. கூட்டக் குறிப்பு எழுதுவது, பிறந்தநாள் ஏற்பாடு, புதியவரைக் கவனித்துக்கொள்வது ஆகியவற்றை யார் தலையில் கட்டுகிறோம் என்று ஒரு மாதம் எழுதிவைத்துப் பாருங்கள். பிறகு அதைச் சுழற்சி முறையில் பகிர்ந்து கொடுங்கள், "யார் செய்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குக் கை தூக்குபவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்தான்.

இதனால் நிறுவனத்துக்கு உண்மையிலேயே லாபம் உண்டா, அல்லது நல்ல பேச்சு மட்டும்தானா?

உண்டு. பிலிப் பாட்சகாஃப், மைக்கேல் அஹர்ன், ஸ்காட் மெக்கன்சி ஆகியோர் 1997-ல் ஒரு காகித ஆலையில் 40 இயந்திரக் குழுக்களைப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் உதவும் குழுக்கள் அதிக அளவில் உற்பத்தி செய்தன, தரமும் மேலாக இருந்தது. அசௌகரியங்களைப் பொறுத்துக்கொள்ளும் குணம் அளவைக் கூட்டியது. நிறுவனப் பொது விஷயங்களில் ஆர்வம் காட்டுவது மட்டும் இரண்டையும் பாதிக்கவில்லை. தனியாளின் உற்பத்தியில் தெரியாத மனப்பான்மை, உதவியின் வழியாகக் குழுவின் உற்பத்தியில் வந்து சேர்கிறது.

உதவாதவர் நிறுவனத்துக்கு எதிரானவரா?

அப்படிச் சொல்ல முடியாது. ரீஷாத் தலால் 2005-ல் தொகுத்த ஆய்வுகளின்படி உதவும் நடத்தையும் கேடு செய்யும் நடத்தையும் எதிரெதிர்தான், ஆனால் மிதமாகத்தான். தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு நேரத்துக்குக் கிளம்புபவர் ஒப்பந்தத்தைக் காப்பாற்றியிருக்கிறார். வீட்டில் நோயாளியோ சின்னக் குழந்தையோ இருப்பவரால் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான் என்றும் இருக்கலாம்.

குறைகளை ஓயாமல் சுட்டிக்காட்டுபவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

உதவுபவர் கணக்கில்தான், பல சமயம் முதல் வரிசையில். லின் வான் டைன், ஜெஃப்ரி லெபைன் இருவரும் 1998-ல் உதவுவதையும் துணிந்து கருத்துச் சொல்வதையும் கூடுதல் பங்களிப்பின் இரு வடிவங்களாகவே பார்த்தார்கள். புலம்பலையும் இதையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு: மாற்றக்கூடியவரிடம், மாற்றுவதற்கான யோசனையோடு சொல்கிறாரா என்று பாருங்கள். அவர் பேசுவதை நிறுத்திய மாதத்தில்தான் மேலாளர் கவலைப்பட வேண்டும்.

மேலாளராக நாளைக்கே தொடங்கக்கூடியது என்ன?

முடிவுகளுக்குக் காரணம் சொல்லுங்கள், குறிப்பாக ஊழியருக்குப் பிடிக்காத முடிவுகளுக்கு. அதை மின்னஞ்சலில் அனுப்பாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள், கேள்வி கேட்க விடுங்கள். செலவில்லாத வேலை இது, ஆனாலும் அதிகம் தவிர்க்கப்படுகிறது.

அப்புறம், பாதிக்கப்படப் போகிறவரை முடிவுக்கு முன்பே கேளுங்கள். கேட்டுவிட்டு வேறு முடிவெடுத்தாலும் கேட்டதற்கு மதிப்பு உண்டு, ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுக் கேட்பதுபோல் நடிப்பதுதான் கெடுதல். கண்ணில் படாமல் நடக்கும் உதவிகளைத் தேடிப் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். "இந்த வாரம் உங்களுக்கு யார் கை கொடுத்தார்கள்?" என்று குழுவில் கேட்டாலே போதும், எதிர்பாராத பெயர்கள் வரும். எப்போதும் உதவுபவரின் சொந்த வேலையில் ஒன்றையாவது இறக்கி வையுங்கள். நீங்களும் உதவுங்கள். மேலாளர் ஒருபோதும் செய்யாததை விரும்பிச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

ஊழியராக நான் எவ்வளவு உதவலாம்? எங்கே நிறுத்துவது?

உதவிய பிறகு உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். களைப்போடு நிறைவும் இருந்தால் பிரச்சினை இல்லை. களைப்போடு எரிச்சல் வந்தால், வாரம் முழுக்க அது கூடவே வந்தால், எங்கேயோ கட்டாயம் புகுந்துவிட்டது. அந்த நேரத்தில் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்வது. அதைவிட மேலாளரிடம் வெளிப்படையாகச் சொல்வது நல்லது: "இந்த மூன்று வேலைகளையும் நான் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதில் எதைத் தொடரட்டும், எதற்கு வேறு ஆள் போடுகிறீர்கள்?" பல மேலாளர்களுக்கு நீங்கள் அவற்றைச் செய்துகொண்டிருப்பதே தெரிந்திருக்காது.

சக ஊழியரிடம் மறுக்க வேண்டியிருந்தால் நேரத்தைச் சொல்லி மறுங்கள்: "இப்போது முடியாது, மூன்று மணிக்கு அரை மணி நேரம் தருகிறேன்." அவரே செய்துகொள்ளக்கூடிய வேலை என்றால் செய்து கொடுக்காமல் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை அவர் உங்களிடம் வர வேண்டியிருக்காது, இன்னொருவருக்கு அவரே காட்டிக்கொடுக்கவும் முடியும்.